புது வீட்டில் இன்டர்நெட் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

வீடு மாறியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: “நெட் வரவில்லை.” அந்த ஒரு வரிக்குள் பல பழுதுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் தீர்க்கும் ஆளும் வேறு. ஒன்றைக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் தீர்ப்பார். இன்னொன்றை அலுவலகத்தில் கணிப்பொறி முன் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். வேறொன்றுக்கு வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் வர வேண்டும். மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆளை மாற்றிக் கூப்பிட்டால் நாள்தான் போகும். லைன்மேன் வருவார், “லைன் நன்றாக இருக்கிறது” என்பார், போய்விடுவார். நீங்கள் மறுபடி புகார் எண் வாங்கிக் காத்திருப்பீர்கள்.

அதனால் போனை எடுப்பதற்கு முன் பழுது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் இன்று தரப்படும் புதிய இணைப்புகளில் பெரும்பாலானவை ஃபைபர் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். நிறுவனத்தின் கருவியிலிருந்து ஒளி புறப்பட்டு, வழியில் ஸ்பிளிட்டர்களில் பிரிந்து, தெருக் கம்பத்திலிருந்து உங்கள் சுவருக்கு வந்து, பேட்ச் கார்டு என்ற மெல்லிய இணைப்புக் கேபிள் வழியாக மோடத்துக்குள் நுழைகிறது. அடுத்து, மோடத்தை நிறுவனத்தின் கருவி அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும். அதற்கடுத்து உங்கள் கணக்கு உள்நுழைய வேண்டும். கேபிளும் வைஃபையும் கடைசியில்தான் வருகின்றன. சோதிப்பதையும் இதே வரிசையில் செய்யுங்கள். மோடத்தின் விளக்குகளும் இந்த வரிசைப்படிதான் நிலவரம் சொல்கின்றன.

(நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியை இங்கே மோடம் என்கிறேன், நீங்கள் கடையில் வாங்கியதை ரவுட்டர் என்கிறேன்.)

ஒரு எச்சரிக்கை. மோடத்தின் பின்புறம் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அதுதான் ரீசெட். அதை அழுத்தாதீர்கள். மோடத்தை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. ரீசெட் செய்தால் நிறுவனம் உள்ளே பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (இணைப்பை நிறுவனம் பிரித்தறியும் எண்) எல்லாம் பல மாடல்களில் அழிந்துவிடும். அரை மணி நேரத்தில் தீர வேண்டிய பழுது அதன்பின் இரண்டு நாள் இழுக்கும். கஸ்டமர் கேரில் பேசுபவர் சொன்னாலும், “இதன்பின் அமைப்புகளை நீங்களே தூரத்திலிருந்து ஏற்றிவிடுவீர்களா?” என்று கேட்டு, ஆமென்றால் மட்டும் செய்யுங்கள்.

எந்த விளக்கும் எரியவில்லை

அடாப்டரைப் பாருங்கள். சாமான்களைக் கட்டும்போது செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், மோடம் மூன்றின் அடாப்டர்களும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போய், பிரிக்கும்போது மாறிவிடுகின்றன. முனை மூன்றுக்கும் பொருந்தும், மின் அளவு பொருந்தாது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அடாப்டரில் வோல்ட் சரியாக அதுவே இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஆம்பியர் குறைந்த அடாப்டரில் விளக்குகள் எரிவதுபோல் எரிந்து, வைஃபை வேலை செய்யத் தொடங்கியதும் மோடம் தானே அணைந்து எழும். “ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் போய் வருகிறது” என்ற புகாருக்கு இது அடிக்கடி காரணமாகிறது.

எல்.ஓ.எஸ். (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது

லைன்மேன் போனில் முதலில் “ரெட் லைட் வருகிறதா?” என்று கேட்பது இதைத்தான். மோடத்துக்கு ஒளி வந்து சேரவில்லை, அல்லது மோடத்தால் படிக்க முடியாத அளவுக்கு மங்கி வருகிறது என்று பொருள். கணக்கு, பணம், வைஃபை எதற்கும் இதில் தொடர்பில்லை. மோடத்தைப் பத்து முறை அணைத்துப் போட்டாலும் மாறாது.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. சுவர்ப் பெட்டியிலிருந்து மோடம் வரை வரும் பேட்ச் கார்டை முழுக்க ஒருமுறை கண்ணால் பின்தொடருங்கள். சோபாவின் கால் அதன்மேல் ஏறியிருக்கிறதா, அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நசுங்கியிருக்கிறதா, மிச்ச நீளத்தை யாராவது இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கும் இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். வெளியில் எந்தக் காயமும் தெரியாமலே இணைப்பு செத்துப்போகும். உள்ளங்கை அகல வட்டமாகத் தளர்வாகச் சுற்றிவைத்தால் போதும்.

பிறகு மோடத்தில் இருக்கும் முனையை வெளியே எடுத்து, ‘டிக்’ என்ற ஒலி கேட்கும்வரை மறுபடி செருகுங்கள். அது பாதி செருகிய நிலையில் இருப்பது மிகச் சாதாரணம். முனையின் நுனியை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், சட்டையில் துடைக்காதீர்கள். விரலின் எண்ணெய்ப் படலமே ஒளியை மறைக்கப் போதும். இதைவிட முக்கியமானது, கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து “வெளிச்சம் வருகிறதா” என்று பார்க்கவே கூடாது. மோடத்துக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட லேசர். அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளவும் செய்யாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

முனையின் நிறத்தையும் கவனியுங்கள். பச்சை முனையின் நுனி 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல முனையின் நுனி அப்படிச் சாய்க்கப்படாதது. பச்சைத் துளையில் நீல முனையைச் செருகினால் பொருந்தியதுபோலவே இருக்கும். ஆனால் இரண்டு கண்ணாடிகளும் சரியாக ஒட்டாமல் ஒளி வீணாகும். பழைய வீட்டுப் பேட்ச் கார்டைக் கொண்டுவந்து மாட்டியவர்களுக்கு நேரும் பழுது இது. பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சிவப்பு போகவில்லை என்றால் பழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இப்போது கூப்பிட வேண்டியது லைன்மேனை. “அண்ணா, எல்.ஓ.எஸ். சிவப்பாக வருகிறது. பேட்ச் கார்டைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன், மடிப்பு எதுவும் இல்லை” என்று சொன்னால், அவர் இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் கருவியையும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரையும் கையோடு எடுத்துவருவார். வெறுமனே “நெட் வரவில்லை” என்றால் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். மழையிலும் வெயிலிலும் கம்பம் ஏறும் மனிதரின் ஒரு நடையை மிச்சப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

புது வீட்டில் முன்பு குடியிருந்தவரின் ஃபைபர் கேபிள் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். “அதையே பயன்படுத்திக்கொள்கிறோம்” என்று ஊழியர் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் அளந்து பார்த்த பிறகு. மோடத்துக்கு வரும் ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில், மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள். வீடுகளில் வழக்கமாகப் பயன்படும் மோடங்கள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரைதான் படிக்கும். மைனஸ் 18, மைனஸ் 21 என்றால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் இன்று ஓடும், அடுத்த மழையில் நிற்கும். மைனஸ் 21 என்பது மைனஸ் 24 ஆவதுபோல் எண் 3 கூடுவதென்றால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றே சுமார் 10 டெசிபலைத் தின்றுவிடும் என்பதால், வீட்டுப் பக்கத்து இழப்பு ஒவ்வொன்றும் கணக்கில் வரும். இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே அந்த எண்ணைக் கேட்டு, மோடத்தின் அடியிலோ உங்கள் போனிலோ குறித்துவையுங்கள். பின்னாளில் பழுது வரும்போது, முன்பு எவ்வளவு இருந்தது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

எல்.ஓ.எஸ். அணைந்திருக்கிறது, பி.ஓ.என். (PON) விளக்கு நிற்காமல் சிமிட்டுகிறது

குடிமாறியவர்களுக்கே உரிய பழுது என்று ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். ஒளி வருகிறது, ஆனால் அந்தப் பக்கத்துக் கருவி உங்கள் மோடத்தைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது.

காரணம், மோடத்தைக் கொண்டுபோவதால் இணைப்பு கூடவே வருவதில்லை. ஒவ்வொரு மோடத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. நான்கு எழுத்தும் அதன்பின் எட்டு இலக்கமுமாகப் பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும். இந்த வரிசை எண் உள்ள மோடம், இந்தக் கருவியின், இந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று நிறுவனத்தின் பதிவில் எழுதியிருக்கும். நீங்கள் தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்குப் போனால் கருவியே வேறு. அதே பேட்டையில் அடுத்த தெருவுக்குப் போனாலும் போர்ட் மாறியிருக்கலாம். பழைய பதிவை நீக்கி, புது இடத்தில் அந்த எண்ணை ஏற்றினால்தான் விளக்கு நிலையாக எரியும்.

இதற்கு லைன்மேன் தேவையில்லை. அவரால் முடியவும் முடியாது. அலுவலகத்தைக் கூப்பிட்டு, “ஒளி வருகிறது, பி.ஓ.என். சிமிட்டுகிறது, புது முகவரியில் மோடத்தின் வரிசை எண்ணை ஏற்றிக்கொடுங்கள்” என்று சொல்லுங்கள். எண்ணை வாயால் சொல்வதைவிட, அடியில் ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்புவது நல்லது. 8-ம் ‘பி’யும், 0-வும் ‘ஓ’வும் குழம்பிப் பலருக்கு ஒரு நாள் போயிருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் மோடத்தை வேறு நிறுவனத்தின் லைனில் மாட்டியிருந்தாலும் பெரும்பாலும் இதே சிமிட்டல்தான் வரும். நிறுவனம் மாறினால் மோடமும் மாறும் என்றே திட்டமிடுங்கள்.

பி.ஓ.என். நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு எரியவில்லை அல்லது சிவப்பு

லைனும் பதிவும் சரி. உங்கள் கணக்கு உள்ளே நுழையவில்லை. பில் கட்டப்பட்டிருக்கிறதா, இடமாற்றத்துக்காக நிறுத்திவைத்த திட்டம் மறுபடி தொடங்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். பிறகு பயனர் பெயரும் கடவுச்சொல்லும். பயனர் பெயர் கேட்டு உள்ளே விடும் பி.பி.பி.ஓ.இ. (PPPoE) முறையில் இணைப்புத் தரும் நிறுவனங்களில் இவை மோடத்துக்குள் எழுதப்பட்டிருக்கும். இடம் மாறும்போது சிலர் புதுப் பயனர் பெயர் கொடுப்பார்கள், மோடத்தில் பழையதே கிடக்கும். விலான் எண்ணும் பகுதிக்குப் பகுதி மாறக்கூடும்.

பழைய வீட்டிலும் அதே கணக்கு இன்னும் உள்நுழைந்த நிலையில் பதிவாகியிருந்தால், ஒரே கணக்கு இரண்டு இடத்தில் முடியாது என்று கருவி மறுத்துவிடும். “பழைய செஷனை முடித்துவிடுங்கள்” என்ற ஒரு வாக்கியம் போதும்.

ஃபைபருக்குப் பதிலாக மாடிப்படிப் பெட்டியிலிருந்து நேராக லேன் கேபிள் வரும் அடுக்குமாடிகளும் உண்டு. அங்கே சில நிறுவனங்கள் உங்கள் ரவுட்டரின் மேக் முகவரியை (கருவியின் தனி அடையாள எண்ணை)ப் பூட்டிவைத்திருக்கும். புது ரவுட்டர் மாட்டினால் வேலை செய்யாது. அலுவலகத்தில் சொல்லி மேக் முகவரியை நீக்கச் சொல்ல வேண்டும்.

வைஃபை பிடிக்கிறது, ‘இணையம் இல்லை’ என்கிறது

மோடத்தின் எல்லா விளக்கும் சரியாக இருந்து, உங்கள் சொந்த ரவுட்டரில் மட்டும் இந்தச் செய்தி வந்தால், முகவரி மோதல் ஒரு வலுவான சந்தேகம். மோடம், ரவுட்டர் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியோடு வருவது வழக்கம். இரண்டும் ஒரே முகவரியில் நின்றால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டரின் முகவரியை 192.168.10.1 என்று மாற்றுங்கள். அதைவிட நல்லது, ரவுட்டரை, வைஃபை பரப்புவதை மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுவது. அப்போது முகவரி கொடுக்கும் வேலையை மோடம் மட்டுமே பார்த்துக்கொள்ளும்.

ஹாலில் நன்றாக வருகிறது, படுக்கையறையில் வரவில்லை

இதைப் பழுது என்று நிறுவனத்திடம் சொல்லிப் பயனில்லை. மோடம் எங்கே இருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தை இணைப்புக் கொடுக்கும் நாளில், சாமான் இறக்கும் அவசரத்தில், வாசலுக்கு மேலேயோ பரணிலோ டிவி அலமாரிக்குப் பின்னாலோ என்று யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். கேபிள் நீளம் மிச்சமாகும் என்பதால் ஊழியருக்கு வாசல் பக்கம் வசதி. உங்களுக்கு அது வசதியல்ல. வீட்டின் நடுவே, தலைக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் வேண்டும் என்று கேளுங்கள். பத்து மீட்டர் கேபிளுக்குக் கூடுதலாகப் பணம் கேட்டால்கூடக் கொடுங்கள். அதன்பின் வாங்க நினைக்கும் ரிப்பீட்டரைவிட அது மலிவு.

நம் வீடுகள் வைஃபைக்குக் கடினமானவை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி எல்லாமே அலையை விழுங்கும் அல்லது திருப்பி அனுப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் விரைவில் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே இடத்தில் நெருக்கியடிக்கும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. போனில் வைஃபை அனலைசர் செயலியைப் போட்டு, அந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதற்கு மாற்றுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 வைத்தால் உங்களுக்கும் கெடும், பக்கத்து வீட்டுக்கும் கெடும்.

அப்படியும் எட்டவில்லை என்றால் இரண்டாவது கருவி தேவை. மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஹாலிலிருந்து உள்ளறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே உறுதியான வழி. சொந்த வீடு கட்டுபவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: பூச்சு வேலைக்கு முன் ஹாலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் மாடிக்கும் தனிக் குழாய் ஒன்று பதித்துவிடுங்கள். கரண்ட் வயர் போகும் குழாயிலேயே லேன் கேபிளையும் திணிக்க விடாதீர்கள். வாடகை வீடென்றால் கதவோரச் சட்டத்தை ஒட்டித் தட்டைக் கேபிளை இழுக்கலாம், சுவரில் துளை வேண்டாம். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் சண்டை வராது.

300 எம்பிபிஎஸ் திட்டம், ஆனால் 95-ஐத் தாண்டவில்லை

வேகம் 93, 94, 95 என்று ஒரே இடத்தில் முட்டி நின்றால் லைன் மேல் குற்றமில்லை, எங்கோ ஒரு லேன் இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது. லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு செத்துப்போகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். புது அடுக்குமாடிகளில் சுவருக்குள் ஓடும் கேபிளில் நான்கு கம்பிகளை மட்டும் லேனுக்கு முடித்துவிட்டு, மீதியை இன்டர்காமுக்குப் பயன்படுத்தியிருப்பதும் உண்டு. மோடத்திலிருந்து மடிக்கணினிக்குக் கடையில் வாங்கிய கேட் 6 கேபிளை நேராகப் போட்டுச் சோதியுங்கள். அதில் முழு வேகம் வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவர்ச் சாக்கெட்டில் எட்டு கம்பிகளையும் முடிக்கச் சொல்லுங்கள். அதிலும் 95 என்றால் ரவுட்டரின், மோடத்தின் போர்ட்டே 100 வகைதானா என்று பாருங்கள். மலிவு மாடல்களில் இன்னும் அப்படித்தான் வருகிறது.

எண்ணில் இன்னொரு குழப்பம்: 100 எம்பிபிஎஸ் என்றால் பதிவிறக்கம் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் காட்டும். அது சரியான வேகமே.

பகலில் பறக்கிறது, இரவில் நத்தை

இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியை மோடத்தோடு கேபிளில் இணைத்து வேகம் அளந்து பாருங்கள். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் மட்டும் மந்தம் என்றால், அக்கம்பக்கத்தார் வீடு திரும்பி வைஃபை நெரிசல் கூடியிருக்கிறது. மேலே சொன்ன சேனல் வேலையைச் செய்யுங்கள். கேபிளிலும் மந்தம் என்றால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல். ஜிபான் (GPON) என்ற ஃபைபர் முறையில் ஒரு போர்ட்டின் கீழிறங்கும் கொள்ளளவு 2.5 கிகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதை 32 வீடுகளோ 64 வீடுகளோ பகிர்ந்துகொள்கின்றன. அந்த அளவுகளின் படங்களைத் தேதி, நேரத்தோடு சில நாள் சேர்த்துவைத்துப் புகார் கொடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் மந்தமென்றால் திட்டத்தின் டேட்டா வரம்பைப் பாருங்கள். வரம்பற்றது என்று விற்கும் திட்டங்களிலும் இத்தனை டெராபைட்டுக்குப் பின் வேகம் குறையும் என்ற விதி இருக்கும்.

சில தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன

யூடியூப் ஓடும், வங்கித் தளம் பாதியில் நிற்கும். ரவுட்டரில், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என மாற்றிப் பாருங்கள். அதில் தீராவிட்டால், பி.பி.பி.ஓ.இ. இணைப்பில் எம்.டி.யூ. (ஒரே தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின் உச்ச அளவு) 1500 என்று இருக்கிறதா பாருங்கள். அது 1492 ஆக இருக்க வேண்டும்.

போன் பிடிக்கிறது, பிரிண்டர், பல்பு, கேமரா பிடிக்கவில்லை

இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், கேமராவைச் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவைத்துச் சேர்த்துவிட்டு மறுபடி போடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3 என்று இருந்தால் டபிள்யூபிஏ 2-க்கு மாற்றுங்கள், பழைய பிரிண்டர்களுக்கு 3 தெரியாது.

புது மோடத்திலும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே வைத்துவிட்டால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி வராது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தாமாகவே பிடித்துக்கொள்ளும். வயதான அப்பா அம்மாவின் போன்களை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றும் வேலையும் மிச்சம்.

வெளியூரிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க முடியவில்லை

பழைய இணைப்பில் ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வைத்துப் பார்த்தவர்களுக்கு வரும் சிக்கல். ரவுட்டரில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பலருக்குப் பொதுவான முகவரிக்குப் பின்னால் உங்களை நிறுத்தியிருக்கிறார்கள். போர்ட்டைத் திறந்து எந்தப் பலனுமில்லை. கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலியைப் பயன்படுத்துங்கள், அல்லது நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்டுங்கள்.

கரண்ட் போனால் நெட்டும் போகிறது

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இப்படியென்றால், மோடம் மாட்டிய பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. மோடத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே, எந்த பாயின்ட்டில் இன்வெர்ட்டர் வருகிறது என்று வீட்டுக்காரரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள், அதன் ஆம்பியர் மோடத்துக்குப் போதுமானதா என்று சரிபார்த்து.

மோடத்திலோ ரவுட்டரிலோ விளக்கு எரிந்துகொண்டே இருக்க, நெட் மட்டும் போகிறதா? உங்களுக்கு லேன் கேபிள் வழி இணைப்பு என்றால், மாடிப்படியில் இருக்கும் ஸ்விட்ச் கரண்ட் இல்லாமல் அணைந்திருக்கிறது. ஃபைபர் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம், ஸ்விட்ச்சுக்கு வேண்டும். அசோசியேஷனில் பேசி அதைப் பொது ஜெனரேட்டர் லைனில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மழை பெய்தால் அறுந்துவிடுகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில் வரும் புகார். கண்ணாடி இழைக்கு மழையால் கேடில்லை. இழையை ஒட்டிய இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவதும், காற்றில் மரக்கிளை உரசுவதும், கம்பத்திலிருந்து தளர்வாகத் தொங்கும் கேபிள் ஆடி ஆடி மடிவதும்தான் காரணம். மழையில்லாமலே திடீரென்று போனால் அணிலையோ எலியையோ சந்தேகிக்கலாம், கேபிளின் மேலுறையைக் கடித்துவிடுகின்றன. லைன்மேன் வரும்போது கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தைக் காட்டுங்கள். நுழைவதற்கு முன் கேபிள் ஒருமுறை கீழே வளைந்து ஏற வேண்டும், அப்போது தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. துளையைச் சிலிகான் வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

அறுந்து தெருவில் கிடக்கும் கேபிளை நீங்கள் தொடாதீர்கள், தூக்கிக் கட்டவும் முயலாதீர்கள். அது மின்கம்பத்திலிருந்து வருகிறது, உறைக்குள் இரும்புக் கம்பி இருக்கலாம், மேலே எங்கே எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கீழிருந்து தெரியாது.

புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை

ஒவ்வொரு முறையும் டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். தீர்க்காமலே “தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தால், அந்த எண்ணை வைத்தே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி நிறுவனங்கள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், மேல்முறையீட்டை அவர் 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. டிராய்க்கே எழுதுவதில் பலனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. அடுத்த படி தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவு, அல்லது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்.

பழைய வீட்டு இணைப்புக்கு இன்னும் பில் வருகிறது

இடமாற்றம் கேட்டவர்களுக்கு, புது முகவரியில் வசதி இல்லையென்று புது இணைப்பாகக் கொடுத்துவிட்டு, பழையதை மூடாமல் விட்டுவிடுவது நடக்கிறது. பழைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியிலிருந்து நிறுத்த வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ச்சொல் போதாது. பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். வாங்கிப்போக வருபவரிடம் ரசீது இல்லையென்றால், மோடத்தையும் அவர் அனுப்பும் குறுஞ்செய்தியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு கொடுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அது எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.